வலது கையுறை ஏன் சுத்தமாக இருந்தது

இடது கையுறையில் சேறு அப்பியிருந்தது. வலது கையுறையில் ஒரு பொட்டு மண்கூட இல்லை.

ஒக்டோபர் மாதத் தொடக்கம். மனைவி தோட்டத்தில் இருந்து திரும்பிக் குளிக்கப் போயிருந்தாள். வாசலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் காயப்போட்டிருந்த அந்தச் சோடியைத் தற்செயலாகத்தான் எடுத்துப் பார்த்தேன். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற மாவட்டச் செயலகத்தில் பதினெட்டு வருடமும் ஒஸ்லோவில் ஓர் அரச அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இன்னும் அவ்வளவு காலமும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே கோப்பில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தாள்கள் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இங்கே ஒரே ஆளின் இரண்டு கைகள் முரண்பட்டுக் கிடந்தன.

இது வெறும் துப்புரவுப் பிரச்சினையாக இருந்திருந்தால் நான் விட்டிருப்பேன். அந்தக் கையுறைகள் அவளுடைய விரல்களுக்காக வாங்கப்பட்டவை. அதிலும் வலது கை விரல்களுக்காக.

குளிர் பட்டால் அவளுடைய விரல்கள் வெள்ளைச் சோக்குக் கட்டி மாதிரி ஆகிவிடும். பிறகு நீலம். பிறகு சிவந்து, கொதிநீரில் வைத்ததுபோல வலிக்கும். முந்தைய குளிர்காலத்தில் வலது சுட்டுவிரல் நுனியில் ஒரு புண் வந்து, ஆறுவதற்குப் பதினொரு கிழமை எடுத்தது. குடும்ப வைத்தியர் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு எங்களிடம் ஒரு பழைய பெயர் உண்டு, பிணவிரல் என்போம் என்று சிரித்தபடி நோர்வேஜிய மொழியில் சொன்னார். நான் மனைவியின் பக்கம் திரும்பி, "விரல் விறைப்பாம்," என்றேன்.

"பிணவிரல் எண்டெல்லோ சொன்னவர்," என்றாள் அவள். குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் பதினாறு வருடம் வேலை செய்தவளுக்கு நான் மொழிபெயர்ப்பாளனாகப் போனது என்னுடைய பிழை.

அடுத்ததாக வைத்தியர் சொன்னதில் சிரிப்பு இருக்கவில்லை. அதே விரலில் இன்னொரு புண் வந்து ஆழமாகப் போனால் நுனியை எடுக்க வேண்டி வரலாம். குளிர் கூடாது. ஈரமான குளிர் அறவே கூடாது.

ஈரமான குளிர் என்றால் ஒக்டோபர் மாதத்து மண். ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் அடுக்குமாடிகளுக்குக் கீழே உள்ள சரிவில், வாடகைக்கு விடும் சிறு தோட்டத்துண்டுகள் இருக்கின்றன. ஐந்து வருடம் காத்திருப்புப் பட்டியலில் இருந்து எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. கோடையில் அதில் எல்லாம் வளரும். ஆனால் மனைவியின் பயிர் உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு. உள்ளியை இந்த நாட்டில் ஒக்டோபரில், நிலம் உறைவதற்குச் சற்று முன்புதான் நட வேண்டும். அது மண்ணுக்குள் உறைந்து கிடந்து, அடுத்த ஆடியில்தான் வெளியே வரும். இப்படி ஒரு ஏற்பாட்டை யார் வகுத்தார்களோ தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆகவே கையுறை. தண்ணீர் புகாத, உள்ளே கம்பளிபோல ஏதோ வைத்துத் தைத்த, தோட்ட வேலைக்கான கையுறை. அதை நான் சும்மா வாங்கவில்லை. முதலில், நோயாளிகளுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் உதவிச் சாதனமாகக் கேட்டு விண்ணப்பித்தேன். கையுறை சாதாரண உடுப்பு, உதவிச் சாதனம் அல்ல என்று பதில் வந்தது. ஆறு கிழமைக்குள் மேன்முறையீடு செய்தேன். அந்த நேரம் பார்த்து நாட்டில் உள்ள அலுவலகங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் புதுப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் மேன்முறையீடு, பெறுநர் இப்போது இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பிழை சொல்லமாட்டேன். குறிப்பு ஒழுங்கான இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

பிறகு ஸ்டோவ்னர் கடைத்தொகுதிக்குப் போனேன். தோட்டச் சாமான் விற்கும் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கையுறைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னக் கேடயம், அதற்குள் பனித்துகள் படம், கீழே மூன்று எண்கள். வீட்டிலேயே நான் அதைப் படித்துவிட்டுப் போயிருந்தேன். முதல் எண் குளிர் காற்றுக்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு, மூன்றாவது தண்ணீருக்கு. மூன்றாவது எண் ஒன்று என்றால் தண்ணீர் புகாது, பூச்சியம் என்றால் புகும். எண் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி இருந்தால் அதைச் சோதிக்கவே இல்லை என்று அர்த்தம்.

"இதில் மூன்றாவது எண் பூச்சியம். ஆனால் அட்டையில் தண்ணீர் புகாது என்று போட்டிருக்கிறீர்கள்," என்றேன் கடைக்காரப் பெண்ணிடம்.

அவள் கையுறையைத் திருப்பிப் பார்த்தாள். "இது நன்றாகப் போகிறது," என்றாள்.

"எங்கே போகிறது?"

"விற்பனையில்."

மூன்றாவது எண் ஒன்றாக உள்ள ஒரே சோடியை அரை மணித்தியாலம் தேடி எடுத்தேன். பச்சையும் கறுப்பும். ஏழாம் அளவு. அளவை நான் ஊகிக்கவில்லை. முதல் நாள் அவள் கறி கிண்டிக்கொண்டிருந்தபோது, அவளுடைய உள்ளங்கையைச் சுற்றி அளவு நாடாவைப் பிடித்திருந்தேன். "கறி அடிப்பிடிக்குது, விடுங்கோ. இந்த வயசிலை கை பிடிக்க வாறியள்," என்றாள். என்றாலும் அளவு சரி.

இத்தனைக்கும் பிறகுதான் அந்த வலது கையுறை சுத்தமாகக் கிடந்தது.

முதலில் எனக்கு வந்த சந்தேகம், நல்ல சாமான் என்று பொத்தி வைக்கிறாளோ என்பது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட் வாங்கிய நாளில் இருந்து பிளாஸ்டிக் உறைக்குள்தான் வாழ்கிறது. ஆனால் ஒரு கையை மட்டும் யாராவது பொத்தி வைப்பார்களா? அடுத்தது, வலது கையில் புண் வந்த விரல் வீங்கி மொத்தமாகிவிட்டதோ, கையுறை இறுக்குகிறதோ என்று நினைத்தேன். பற்றுச்சீட்டோடு கடைக்குப் போய், எட்டாம் அளவில் இன்னொரு சோடியும் வாங்கி வந்தேன். ஒரு கிழமை கழித்து வாசலில் சேறு படிந்த இடது கையுறைகள் இரண்டும் சுத்தமான வலது கையுறைகள் இரண்டும் கிடந்தன. பிரச்சினை தீரவில்லை. இரட்டித்துவிட்டது.

பியோர்ண்டாலில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாக, திகதிவாரியாகச் சொன்னேன்.

"அப்பா, நீங்கள் அம்மாவைக் கேட்டனீங்களே?"

"இன்னும் இல்லை."

"ஹெர்ரெகுட், அப்பா!" என்று நோர்வேஜிய மொழியில் கடவுளைக் கூப்பிட்டாள். "ரெண்டு சோடி ஹான்ஸ்கே வாங்க முதல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே."

கேட்டால் பதில் வரும், உண்மை வருமா என்பது வேறு விஷயம் என்று அவளுக்குச் சொல்லிப் பயனில்லை. இங்கே பிறந்த பிள்ளை. கேட்டால் உண்மை வரும் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறார்கள்.

கேட்டேன்.

"இஞ்சாரும், நீர் தோட்டத்திலை ரெண்டு கையுறையும் போடுறனீரோ?"

"ஓம், போடாமல்?"

"அப்ப வலதிலை ஏன் மண் இல்லை?"

அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "வலது கையாலை ஊத்தை வேலை செய்யிறேல்லை எல்லோ."

இது என்னைச் சரியாக ஒரு நாள் முழுதும் குழப்பிவிட்டது. காரணம், இது நம்பக்கூடிய பதில். சோற்றுக் கை வலது. கொடுப்பதும் வாங்குவதும் வலது. களை பிடுங்குவதற்கும் புழுவை எடுத்து எறிவதற்கும் இடது கை என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் ஒதுக்கி வைத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அவள் கத்தி பிடிப்பது வலது கையால், மண்வெட்டி பிடிப்பது வலது கையால், மீன் கழுவுவது வலது கையால். மீனைவிட ஊத்தை வேலை எது? அடுத்த நாள் காலை அந்தப் பதிலை நான் நிராகரித்தேன்.

நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. புதன்கிழமை அவள் புறப்பட்டு இருபது நிமிடம் கழித்து நானும் புறப்பட்டேன். தோட்டத்தில் எனக்கு நற்பெயர் கிடையாது. நான் நட்ட தக்காளி, நான் நட்ட மிளகாய், நான் தண்ணீர் மட்டுமே ஊற்றிய ஒரு ரோசாச் செடி ஆகியவை பற்றி அங்கே கதைகள் உலவுகின்றன. ஆகவே கருவிகள் வைக்கும் மரக்கொட்டிலுக்குப் பின்னால் நின்றேன். அறுபத்தொன்பது வயது மனிதன் ஒரு கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தன் மனைவியை வேவு பார்ப்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை. மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது.

அவள் எங்கள் துண்டில் இல்லை. பக்கத்துத் துண்டில், ஒரு நோர்வேஜிய அம்மையாரோடு நின்றாள். எண்பதை நெருங்கும் அந்த அம்மையார் உயர்பள்ளியில் இரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி முழங்காலில் இருந்தாள். இடது கையை, கையுறையோடு, மண்ணில் ஊன்றி உடம்பைத் தாங்கிக்கொண்டாள். பிறகு வலது கையுறையைப் பல்லால் கவ்வி இழுத்துக் கழற்றி, கக்கத்தில் செருகினாள். வெறும் விரல்களால் ஓர் உள்ளிப் பல்லை வாங்கி, நெற்றிக்கு நேரே ஒரு கணம் பிடித்து, மண்ணுக்குள் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி அழுத்தினாள். அழுத்தினாள் என்றால், தொட்டுவிட்டு எடுக்கவில்லை. கையை அங்கேயே வைத்திருந்தாள். இரசாயன ஆசிரியை, கோயிலில் நிற்பவர்போலக் கம்பளித் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

அவள் கையை எடுத்தபோது நான் இருந்த இடத்தில் இருந்தே தெரிந்தது. நான்கு விரல்களும் இரண்டாம் மூட்டு வரைக்கும் வெள்ளை.

நான் வெளியே வந்தேன். ஏன் கொட்டிலுக்குப் பின்னால் இருந்து வருகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. அதுவே எனக்கு அவமானமாக இருந்தது.

"நீங்கள் கணவரா? உங்கள் மனைவிக்கு நல்ல கை," என்றார் ஆசிரியை. "நான் சனிக்கிழமை மகனிடம் போய்விடுவேன். அதனால் எனக்கு முன்னதாகவே நட்டுத் தருகிறார்."

"நீங்கள் இரசாயனம் கற்பித்தவர் அல்லவா?" என்றேன்.

"முப்பத்தொரு வருடம். அதனால்தான் எண்ணிப் பார்த்தேன். அவர் முதல் பல்லை வைத்த வருடங்களில் எல்லாம் முளைத்தது. அவர் காய்ச்சலில் கிடந்த வருடம் பாதிதான் முளைத்தது." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். "தரவு போதாது என்று எனக்கும் தெரியும்."

வீட்டுக்கு ஏறி வரும் வழியில் நான் அவளுடைய வலது கையை என் மேலங்கிப் பைக்குள் வைத்துப் பிடித்திருந்தேன். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. அரைவாசித் தூரம் ஏறியதும் கேட்டேன்.

"இது எத்தினை பேருக்கு நடக்குது?"

"இதுவரைக்கும் மூண்டு பேருக்கு நட்டுக் குடுத்தனான்."

"இன்னும்?"

"பதினாலு பேர். சனிக்கிழமை."

எங்கள் ஆட்களில் கைராசி என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். அது, தோட்டம் கிடைத்த ஆறு வருடத்தில் எனக்குத் தெரியாமல் இவளைச் சுற்றி இவ்வளவு பெரிய நிர்வாகமாக வளர்ந்திருந்ததுதான் தெரியாது. தமிழ்க் குடும்பங்கள் ஒன்பது, ஒரு பாகிஸ்தான்காரர், துருக்கிச் சகோதரிகள் இருவர், நோர்வேஜியர் இரண்டு பேர். அவள் முதல் பல்லை வைக்காமல் அந்தச் சரிவில் ஒருவரும் உள்ளி நடுவதில்லை.

"சரி, நடும். கையுறையைப் போட்டுக்கொண்டு நடும்."

"கையுறை போட்டு நட்டால் அது கடையிலை வாங்கின கையப்பா. அதுக்கு நான் என்னத்துக்கு? அவையளே நடலாமே."

"அப்ப இந்த வருசம் மாட்டன் எண்டு சொல்லும். வைத்தியர் சொன்னது நினைவில்லையோ? விரலை எடுக்கவேணுமாம்."

"நுனியைத்தான் எடுக்கிறதாம்."

"இது என்ன கதை?"

அவள் நின்றாள். "நீங்கள் வேலைக்குப் போனியள். உங்களைத் தேடி ஆக்கள் வந்தவை. படிவம் நிரப்ப இப்பவும் வருகினம். என்னட்டை ஆர் வருகினம்? பதினாறு வருசம் பிள்ளையளுக்குப் பாண் வெட்டினன். ஆராவது வந்து, உங்கடை கையாலைதான் வேணும் எண்டு கேட்டவையோ? இதுக்கு மட்டும்தான் கேட்டு வருகினம்."

ஒரு விரல் நுனியை ஒரு தட்டிலும் பதினான்கு பேர் கேட்டு வருவதை மற்றத் தட்டிலும் வைத்து நிறுப்பதற்கு நான் எங்கும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அவள் சொல்வது மூடத்தனம் என்று ஒரு பக்கம் தெரிந்தது. அவள் சொல்வது சரி என்று மற்றப் பக்கம் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித் தெரியலாம் என்று விளங்காமல் மிச்ச ஏற்றத்தை ஏறினேன்.

அன்று பின்னேரம் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். ஒரு தாளை எடுத்து இரண்டாக மடித்தேன். நடைமுறை ஒன்றை மீற முடியாது என்றால் அதன் இடத்தை மாற்றலாமா, நேரத்தை மாற்றலாமா என்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் மூன்று பாகை. சமையல் நடக்கும் எங்கள் குசினியில் இருபத்திரண்டு பாகை.

"உள்ளியளை இஞ்சை கொண்டு வரட்டும். நீர் வீட்டிலை வைச்சுத் தொட்டுக் குடும். அவையள் கொண்டுபோய் நடட்டும்."

அவள் இதை எள்ளி நகையாடவில்லை. யோசித்தாள். இந்தத் துறையில் அவள்தான் அதிகாரி. நான் விண்ணப்பதாரி.

"காணாது," என்றாள் கடைசியில். "உள்ளியைத் தொட்டால் மட்டும் காணாது. அவரவரின்ரை மண்ணிலை படவேணும்."

"அப்ப மண்ணையும் கொண்டு வந்தால்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தொரு வருடத் திருமண வாழ்க்கையில் அப்படி அவள் என்னைப் பார்த்தது அதிகம் போனால் இரண்டு தடவை இருக்கும்.

வியாழக்கிழமை பதினான்கு துண்டுகளில் இருந்தும் நான் மண் எடுத்தேன். எங்கள் வீட்டில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் வெறும் ஐஸ்கிறீம் பெட்டிகளுக்கு வராது. பதினான்கு பெட்டி, பதினான்கு மூடி. தோட்டச் சங்கத்தின் பட்டியலில் உள்ளபடி துண்டு எண்ணை ஒவ்வொரு மூடியிலும் தடித்த பேனாவால் எழுதினேன். ஒரு பெட்டியில் மட்டும் கருவாட்டு மணம் போகவில்லை. அது யாருக்கு என்பதையும் குறித்துக்கொண்டேன். நோர்வேஜியருக்குப் போகக்கூடாது. பெட்டிகளைச் சுடுநீர் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, ஒரு நாள் முழுக்கச் சூடு ஏற விட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, குசினி நிலத்தில் பரப்பிய கடதாசிகளுக்கு நடுவில் இருந்தாள். நான் மூடியைத் திறந்து எண்ணை வாசிப்பேன். அவள் அது யாருடையது என்று பெயரைச் சொல்லி, ஒரு பல்லை நெற்றிக்கு நேரே பிடித்து, மண்ணுக்குள் அழுத்துவாள். வெறும் கை. விரல்கள் அவற்றின் சொந்த நிறத்தில் இருந்தன. சில பெட்டிகளுக்குக் கூடுதல் நேரம் எடுத்தாள். அந்த வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனையாம். உள்ளிக்கும் சோதனைக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. என் திட்டம் வேலை செய்துகொண்டிருந்தது.

முடிந்ததும் நான் கை கழுவிவிட்டுச் செய்தி பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது குசினி பளிச்சென்று இருந்தது. பதினான்கு பெட்டிகளும் வரிசையாக இருந்தன. மூடிகள் தட்டுக்கூடையில் அடுக்கப்பட்டு, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தன.

"மூடியிலை எல்லாம் மண். கழுவி வைச்சனான்," என்றாள்.

எண்கள் அழியவில்லை. அது நல்ல பேனா. மூடிகள் பதினான்கிலும் எண் இருந்தது. பெட்டிகள் பதினான்கிலும் எண் இல்லை. வாழ்நாள் முழுவதும் ஆவணங்களோடு இருந்தவன், அடையாளத்தைப் பொருளில் எழுதாமல் மூடியில் எழுதியிருந்தான். எனக்குக் கீழே வேலை செய்த ஒருவன் இதைச் செய்திருந்தால் அவனைப் பற்றி நான் இன்றும் கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

கருவாட்டுப் பெட்டியை மட்டும் மணத்தால் அடையாளம் கண்டேன்.

சனிக்கிழமை காலை அதே தூறல். பதினான்கு வீட்டாரும் வந்திருந்தார்கள். மனைவி இரண்டு கையுறைகளோடும் நின்றாள். ஒரு தள்ளுவண்டியில் பெட்டிகளை வைத்துக்கொண்டு, நடந்ததை இரண்டு மொழிகளில் நான் விளக்கினேன். அவளுடைய விரலைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொன்னபோது அவள் வேறெங்கோ பார்த்தாள். விளக்கி முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டிகளுக்குள் குனிந்தார்கள்.

"அண்ணை, என்ரை மண் கறுப்பு. போன வருசம் மாட்டெரு போட்டனான். இது என்ரை," என்றார் ஒருவர்.

"எல்லாம் கறுப்பாத்தானே கிடக்கு," என்றார் அவருடைய மனைவி.

"இல்லையப்பா, இது வேறை கறுப்பு."

துருக்கிச் சகோதரிகள் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பாகிஸ்தான்காரர் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் ஒரு நடைமுறையை முன்மொழிந்தேன். சீட்டுக் குலுக்கலாம், அல்லது மண்ணின் நிறத்தை வைத்து மூன்று பிரிவாக்கி... யாரும் கேட்கவில்லை.

"ஆர் எதை எடுத்தாலும் ஒண்டுதான்," என்றாள் மனைவி. அவள் சத்தமாகப் பேசவில்லை. "எல்லாத்திலையும் என்ரை கைதான் பட்டது. மண் ஒண்டோடை ஒண்டு கலந்தால் ஒண்டும் செய்யாது. எடுத்துக்கொண்டு போங்கோ. குளிருது."

பிறகு அதையே நோர்வேஜிய மொழியில் சொன்னாள். எடுத்துக்கொண்டு போனார்கள். அரை மணித்தியாலத்தில் பதினான்கு பேருடைய மண்ணும் பதினான்கு பேருடைய நிலத்தில் முறைகேடாக இறங்கியது. ஒருவராவது முறைப்பாடு சொல்லவில்லை. நான் இரண்டு நாட்களாக எதற்காகப் பாடுபட்டேன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

எல்லோரும் தங்கள் வேலையில் குனிந்த பிறகு நாங்கள் எங்கள் துண்டுக்குப் போனோம். வண்டியில் பெட்டி இல்லை. நான் என் பட்டியலைப் பார்த்தேன். கேட்டு வந்தவர்களின் பட்டியல் அது. நாங்கள் யாரிடமும் கேட்டு வரவில்லை. ஆகவே எங்கள் துண்டு பட்டியலிலேயே இல்லை.

அவள் வலது கையுறையின் விளிம்பைப் பல்லால் கவ்வினாள்.

"கழட்டாதையும்."

"ஒரு பல்லுத்தானே. அரை நிமிசம்."

"அரை நிமிசம் எண்டுதான் புதன்கிழமையும். கழட்டாதையும்."

"அப்ப ஆர் நடுறது? எங்கடை மட்டும் வெறுங்காணியாக் கிடக்கட்டோ?"

"நான் நடுறன்."

அவள் பல்லில் இருந்து கையுறையை விட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. பக்கத்துத் துண்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "உங்கடை கையோ? அந்த ரோசாவுக்கு நீங்கள் தண்ணிதானே ஊத்தினனீங்கள்!"

நான் என் கையுறையைக் கழற்றிவிட்டு முழங்காலில் இருந்தேன். அது என் வயதில் ஒரு தனி நடைமுறை. மண்ணுக்குள் விரலை விட்டேன். முதலில் குளிரவில்லை. ஈரம்தான் தெரிந்தது. பிறகு, ஏதோ சுடுவதுபோல இருந்தது. இதற்குள்ளா இவள் ஒவ்வொரு வருடமும் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்? எல்லாத் துண்டுகளிலும்? உள்ளிப் பல்லை வைத்தேன்.

"தலைகீழ்," என்றாள் மேலே இருந்து. "முளை மேலை வரவேணும்."

திருப்பி வைத்தேன். நெற்றிக்கு நேரே பிடிக்க மறந்துவிட்டேன் என்று நினைவு வந்தது. வெளியே எடுக்கலாமா, எடுத்தால் முதலில் வைத்தது செல்லாதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளும் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். கையுறை போட்ட வலது கையை என் வெறும் கையின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். நான் எதிர்பார்த்ததைவிட அவளுக்குப் பலம் இருந்தது. என் விரல்கள் விறைத்தன. அவள் எடுக்கவில்லை.

"இப்ப இது ஆற்றை கை?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"முளைச்சால் என்ரை," என்றாள். "முளைக்காட்டில் உங்கடை."

எழும்ப எனக்கு அவள் தோள் தேவைப்பட்டது. மிச்சப் பற்களை வரிசையாக நட்டு முடித்தாள், இரண்டு கைகளிலும் கையுறையோடு, மெதுவாக, எரிச்சலோடு, பல் கையில் தங்கவில்லை என்று கையுறையைத் திட்டிக்கொண்டே. நான் காய்ந்த இலைகளை வாரி மேலே போட்டேன். வீட்டுக்கு வந்து, வாசலில் அவள் அவற்றைக் கழற்றியபோது, விளக்கைப் போட்டு அவளுடைய வலது கையை விரித்துப் பார்த்தேன். ஐந்து விரல்களும் ஒரே நிறத்தில் இருந்தன. "கோப்பு பாத்து முடிஞ்சுதோ?" என்று கேட்டுக் கையை இழுத்துக்கொண்டு, தேத்தண்ணி வைக்கப் போனாள்.